கலமோட்டியர் வாழ்வும் கடல்வாய்த் தமிழும்

(கடலூர் முதுநகரில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கடலூர் முதுநகரின் கீழ்பால், உப்பனாறும் கெடிலமும் கடலொடு கலக்கும் கழிமுகத்தில் நின்று பார்ப்பவர்க்கு இன்று கண்ணிற் படுவன பொறிபூட்டிய மீன்படகுகளே. காதிற் படுவது அவற்றின் உறுமலே. ஆயின், சில தலைமுறைகட்கு முன்னர் இதே கடலில் பாய்மரங்கள் நின்றன. அவற்றின் உச்சியில் ஏறிக் கயிறு முடிந்த கைகள் தமிழ்க் கைகள். அவற்றின் அடியில் நின்று ஓசையிட்டுப் பாயேற்றிய வாய்கள் தமிழ் வாய்கள். பாய் சுருண்டுவிட்டது, மரமும் சாய்ந்துவிட்டது. அந்த வாய்கள் வழங்கிய சொற்கள் எங்கே?

தமிழர் கடலாண்டனர் என்று மேடைதோறும் முழங்குகின்றோர் பலர். முழக்கம் பொய்யன்று. ஆயின், கடலையாண்ட கலத்தில் பாய் கட்டியவன் யார்? அவன் எதை உண்டான்? எங்கே உறங்கினான்? காற்றை எப்பெயரால் அழைத்தான்? இவ்வினாக்களை எழுப்பினோர் மிகச் சிலரே. அவற்றுக்கு விடை தேடுவதே இவ்வுரையின் நோக்கமாகும்.

தில்லையிலிருந்தே தொடங்கலாம். இராசேந்திர சோழன் 1025-ஆம் ஆண்டளவில் கடாரத்தின்மேற் கடற்படை செலுத்தினான் என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. அதனினும் குறைவாக அறியப்பட்ட செய்தி ஒன்றுண்டு. முதற் குலோத்துங்கன் காலத்தில், கம்போச நாட்டு அரசன் சோழனுக்குக் காட்சிப்பொருளாக ஒரு கல்லை விடுத்தான். அக்கல் தில்லைக் கோயிலில் வைக்கப்பெற்றதை 1114-ஆம் ஆண்டைச் சார்ந்த கல்வெட்டு கூறுகின்றது. கொடுத்த அரசனைக் கல்வெட்டு சொல்கின்றது. பெற்ற அரசனையும் சொல்கின்றது. அலையும் புயலும் கடந்து அக்கல்லைக் கலத்தில் ஏற்றி வந்து, கரையில் இறக்கிய கலமோட்டிகளைச் சொல்லவில்லை. கல்லுக்குக் கோயிலில் இடங் கிடைத்தது. அதைச் சுமந்தவனுக்கு வரலாற்றில் ஒரு வரிதானும் கிடைக்கவில்லை!

விலக்காக ஒரு கல்வெட்டு உண்டு. அது தமிழகத்தில் இல்லை. சுமத்திரா தீவின் மேலைக் கரையில், பாரூசுக்கு அருகில் இருக்கும் இலோபுதுவா என்னுமிடத்தில் 1873-இல் கண்டெடுக்கப்பட்டது. 1088-ஆம் ஆண்டில் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் தமிழ் வணிகக் குழுவினர் பொறித்தது. அத்துறைக்கு வரும் கலங்கள் செலுத்தவேண்டிய கட்டணத்தை அது வரையறுக்கின்றது. அங்கே கலத்தின் உடையவனோடு, ‘மரக்கல நாயன்’ என்று கலத்தலைவனும், ‘கேவி’ என்று கலத்தில் தொழில் செய்வோரும் குறிக்கப்பெறுகின்றனர். வணிகன் தன் கணக்கை எழுதுகையில், தன்னைச் சுமந்து வந்தவனையும் எழுதினான். கடலோடிக்குரிய தொழிற்சொற்கள் தமிழ்க் கல்லில் இடம்பெற்ற அரிய இடம் அது.

அவையோரே! அத்தகைய கலமோட்டியின் ஒரு வழிச்செலவை மனக்கண்ணால் நோக்குங்கள். கடலூர், பெருங்கலங்கள் கரையையொட்டி நிற்கத்தக்க துறையாக இருந்ததில்லை. கலம் கடலிலே நங்கூரமிட்டு நிற்கும். சரக்கைப் படகுகள் கொண்டு சேர்க்கும். சோழமண்டலக் கரையின் உடையலை கொடியது. ஆணி அடித்துக் கட்டிய படகு அவ்வலையில் தரைதட்டினால் பலகை பிளந்துபோம். ஆகவே, பலகைகளைத் தென்னைநார்க் கயிற்றால் தைத்துப் படகு செய்தனர். அலை மோதுங்கால் தையல் நெகிழ்ந்து கொடுக்கும், பலகை பிளவாது. ஆணி கிடைக்காமையாற் செய்த ஏழைமை வேலையன்று அது; அலையின் இயல்பை அறிந்து செய்த அறிவு வேலை. மூட்டைகளைத் தோளிற் சுமந்து, மார்பளவு நீரில் நடந்து, அப்படகிலேற்றி, அங்கிருந்து கலத்திலேற்றிய பின்னரே கடற்செலவு தொடங்கும்.

சென்ற நூற்றாண்டில் தமிழகக் கரையிலோடிய சரக்குத் தோணி ஒன்றில் பத்துப் பன்னிருவர் இருப்பர். தலைவனுக்குத் தண்டல் என்று பெயர். சுக்கான் பிடிப்பவனும், பாய்மரம் ஏறுபவனும், சோறாக்கும் சிறுவனும் அவன் கீழ்ப் பணிபுரிவர். சிறுவனாய்ச் சோறாக்கத் தொடங்கியவனே வளர்ந்து பாய் கட்டுவான். பாய் கட்டியவனே நரைகண்ட பின் தண்டலாவான். அவனுக்குப் பள்ளி கலம், பாட நூல் வானம், ஆசிரியன் காற்று.

மரக்கலத்தில் தீயினும் கொடிய பகையில்லை. ஆகவே மண் நிரப்பிய பெட்டியின்மேல் அடுப்பு வைத்துச் சோறாக்குவர். சோறும் உப்பிட்ட கருவாடும் புளிச்சாறும் உணவு. கடல்நடுவில் இருந்தும் நீர் அருமை! சுற்றிலும் நீர், குடிக்க ஒரு குவளைக்கு அளவு. காற்று நின்று கலம் அசையாது கிடக்கும் நாள்களில் அவ்வளவு பாதியாகும். பின்னர் அதிற் பாதியாகும். மழை வரின் பாயை விரித்து நீரேந்துவர். மரக்கலம் எதுவாயினும் சிறிதேனும் நீர் கசியும். ஆகலின், அடித்தட்டில் ஊறும் நீரை இரவும் பகலும் முறைவைத்து இறைக்க வேண்டும். உறங்குவது சரக்கின்மேல், போர்வை பழம்பாய். புயல் எழுந்தால் உறக்கமும் இல்லை, அடுப்பும் இல்லை.

காற்றே அவன் நாட்காட்டி. தென்மேற்குக் காற்று கலத்தைக் கிழக்கே கடாரத்துக்கும் பர்மாவுக்கும் செலுத்தும். வடகிழக்குக் காற்று ஊர் நோக்கிக் கொண்டுவரும். துலை, நளித் திங்கள்களில், அஃதாவது ஐப்பசி கார்த்திகையில், சோழமண்டலக் கரை புயலுக்குரியது. அப்போது கலத்தைக் கழியினுள் கொண்டு சேர்த்து, பாயைத் தைத்து, பலகை இடுக்குகளை நாரும் குங்கிலியமுங் கொண்டு அடைத்து, அடிப்புறத்தில் எண்ணெய் பூசிப் புழுவரிப்புக்குத் தடை செய்வர். கடலோடி தன் மனைவி மக்களோடு நெடுநாள் உறைவது பெரும்பாலும் இவ்வடைமழைக் காலத்தில்தான்.

காற்றுக்கு அவன் இட்ட பெயர்களைக் கேளுங்கள். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். தெற்கிலிருந்து வருவது சோழகம். மேற்கிலிருந்து வருவது கச்சான். வாடையும் கொண்டலும் பழந்தமிழ் நூல்களில் வழங்கும் சொற்கள். புலவன் ஏட்டில் எழுதிவைத்த சொல்லை, ஏட்டைத் தொடாத கடலோடி நாவில் வாழவைத்தான். கடலினுள் ஓடும் ஓட்டத்துக்கு அவன் வைத்த பெயர் நீவாடு. வாடைப்புறமிருந்து தெற்கு நோக்கி ஓடுவது வாநீவாடு. சோழகப்புறமிருந்து வடக்கு நோக்கி ஓடுவது சோநீவாடு. காற்றின் பெயரில் முதலெழுத்தை எடுத்து நீவாட்டின் முன் வைத்தான். இரண்டு புதுச்சொற்கள் பிறந்தன. கலைச்சொல் ஆக்கத்துக்குக் குழு அமைத்து, ஆண்டுக்கணக்கில் உசாவி, முடிவில் உருவிலாச் சொல் ஒன்றை ஈனும் அறிஞர்கள் இக்கடலோடியிடம் பாடங் கேட்கலாகாதா?

இனி வானத்தைப் பாருங்கள். இரவில் அவனுக்கு வழிகாட்டியது வடக்கே அசையாது நிற்கும் விண்மீன். ஓரிடத்தின் அகலக்கோடு எத்துணைப் பாகையோ, ஏறத்தாழ அத்துணைப் பாகை உயரத்தில் அம்மீன் அடிவானத்துக்கு மேல் நிற்கும். கடலூரில் அது இன்று 12 பாகைக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில் தெரிகின்றது. கடாரக் கரையில் 6 பாகை அளவிலே தாழ்ந்து நிற்கின்றது. இவ்வுயரத்தைத் தமிழ்க் கடலோடிகள் விரற்கணக்கால் அளந்தனர். இராப்பலகை என்றொரு கருவியும் அவர்களிடம் இருந்தது. சிறு மரப்பலகை; அதன் நடுவில் கோத்த கயிறு; கயிற்றில் முடிச்சுகள். கயிற்றின் முடிச்சைப் பல்லிற் கடித்துக்கொண்டு, பலகையை நீட்டிப் பிடித்து, அதன் கீழ்விளிம்பை அடிவானத்தோடும் மேல்விளிம்பை விண்மீனோடும் பொருத்துவர். எம்முடிச்சில் பொருந்துகின்றதோ, அம்முடிச்சுக்குரிய துறைமுகத்தின் நேர்க்கோட்டில் கலம் நிற்கின்றது என்பது பொருள். பின்னர் அக்கோட்டினின்றும் வழுவாது மேற்கே செலுத்தினால் ஊர் வந்து சேரும். ஒரு முடிச்சு ஓர் ஊர்! எழுதப் படிக்க அறியாதவன் என்று கரைவாழ் மக்கள் இகழ்ந்தவன், தன் ஊரைக் கயிற்றில் முடிந்து வாயில் கடித்துக்கொண்டு கடல் கடந்தான்.

கரை நெருங்குங்கால் ஈயக்குண்டைக் கயிற்றில் விட்டு ஆழம் பார்ப்பர். அளவுக்குப் பெயர் பாகம். இருகைகளையும் விரித்து நீட்டிய நீளம் ஒரு பாகம். குண்டின் அடியில் தடவிய கொழுப்பில் ஒட்டிவரும் மண்ணைக் கண்டு, இது சேற்றுத் தரையா மணற்றரையா என்று தெளிவர். பின்னர், தெளிந்த வானமுள்ள நாளில், தாழ்ந்து தட்டையான இக்கரையில் முதற்கண் தோன்றுவன தில்லையின் நாற்கோபுரங்கள். ஏறத்தாழ 40 மீட்டர் உயர்ந்த அவை, கரையினின்றும் உள்ளே தள்ளி நிற்பினும், கடலிற் பல கல் தொலைவுக்குத் தெரிவன. ஆங்கிலேயரின் பழைய கடல்வழிக் கையேடுகளும் அவற்றைக் கரையடையாளமாகக் குறித்துள்ளன. நிலத்தில் நிற்பவனுக்கு அவை கோயில் வாயில். பல திங்கள் கழித்து மீளும் கடலோடிக்கு அவை வீட்டு வாயில்.

ஆயின், மீண்டவர் எத்துணையர்? மீளாதவர் எத்துணையர்? இக்கடலின் கொடுமைக்கு ஒரு சான்று: 1749-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில், தேவனாம்பட்டினத்துக் கோட்டைக்கருகில் நின்ற ஆங்கிலேயரின் பெரும்போர்க் கப்பலாகிய ‘நாமூர்’ புயலில் மூழ்கியது. ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பீரங்கி தாங்கிய பெருங்கப்பலே அவ்வாறு மூழ்கிய கடலில், பாயொன்றே துணையாகச் சென்ற சிறுகலங்களின் நிலை என்ன? ஆங்கிலேயன் தன் மாண்டாரை எண்ணி எழுதிவைத்தான்; தமிழன் தன் மாண்டாரை எண்ணவுமில்லை, எழுதவுமில்லை. அண்மைக் காலத்தில் 2004 திசம்பர் 26-இல் ஆழிப்பேரலையும், 2011 திசம்பர் 30-இல் ‘தானே’ புயலும் இதே கரையைச் சிதைத்தன. கடல் மாறவில்லை.

நாவுக்கரசரைக் கல்லோடு பிணித்துக் கடலிலிட, அவர் திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் கரையேறினார் என்பது தொண்டர் வரலாறு. அந்நினைவாகக் கரையேறவிட்டகுப்பம் என்றோர் ஊர் இன்றும் கடலூரை அடுத்திருக்கின்றது. ஒருவர் கரையேறியதை ஓர் ஊர்ப்பெயர் இத்துணை நூற்றாண்டுகள் காத்து வைத்திருக்கின்றது. சொல்லின் ஆற்றல் அத்தகையது. ஏட்டில் எழுதாததையும் ஊர் தன் பெயரில் எழுதிக்கொள்ளும்.

தெற்கே பரங்கிப்பேட்டைக்கு வாருங்கள். வெள்ளாறு கடலொடு கூடுமிடம். போர்த்துகீசியர் புதுத்துறை என்னும் பொருளில் தம் மொழியில் பெயரிட்ட ஊர். அங்கு வாழும் மரக்காயர், பெயரிலேயே மரக்கலத்தைத் தாங்கியவர் என்பது பலர் கருத்து. மலாக்கா, கடாரம், அச்சே என்று கீழைக்கடல் முழுவதும் அவர்தம் கலங்கள் சென்றன. இத்தகைய இசுலாமியத் தமிழரின் கலமொன்றுக்குரிய வெண்கல மணி, யாரும் எதிர்பாராத ஓரிடத்தில் கிடைத்தது. நியூசிலாந்தில் வில்லியம் கொலென்சோ என்னும் ஆங்கிலேயர் 1836-ஆம் ஆண்டளவில் அதைக் கண்டார். மாவோரிப் பெண்டிர் அதனைக் கிழங்கு வேகவைக்கும் கலனாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தனர். அதன் விளிம்பைச் சுற்றியிருந்த எழுத்துகள் தமிழெழுத்துகள். முகைதீன் பக்கசு என்பாரின் கப்பலுக்குரிய மணி அது என்பது பொறிப்பின் பொருள். இன்று அது வெலிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. கலம் எவ்வாறு அழிந்தது, கலமோட்டிகள் என்னவாயினர் என்று மணி சொல்லவில்லை. ஆயினும், வழிபாட்டுமுறை எதுவாயினும் கப்பலின் மணியில் தமிழரின் எழுத்து தமிழே என்று அது ஒலிக்கின்றது. சமயத்தாற் பிரித்துப் பேசுவார்க்கு அம்மணியோசையே விடை.

பாய்க்கலத் தமிழரின் திறத்துக்கு இறுதிப் பெருஞ்சான்று ஈழத்திலிருந்து கிடைக்கின்றது. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ 89 அடி நீளமுள்ள இருபாய்மரக் கலம். உலகைச் சிறு படகிற் சுற்றிவந்த அமெரிக்கக் கடலோடி வில்லியம் ஆல்பர்ட்டு இராபின்சன் அதனை விலைக்கு வாங்கினார். வல்வெட்டித்துறைக் கலமோட்டிகள் அதனைச் செலுத்திச் செங்கடல் வழியாகவும் நடுநிலக் கடல் வழியாகவும் சென்று, அத்திலாந்திக்கு மாக்கடலையும் கடந்து, 1938 ஆகத்துத் திங்களில் அமெரிக்க நாட்டு மாசசூசெட்சு மாநிலத்தின் குளோசுட்டர்த் துறையை அடைந்தனர். அத்துறை மக்கள் தமிழர் கட்டிய மரக்கலத்தையும், அதைச் செலுத்தி வந்த தமிழரையும் வியந்து நோக்கினர். அது கழக காலத்துச் செய்தியன்று; பாட்டன்மார் காலத்துச் செய்தி!

பின் ஏன் அழிந்தது? நீராவிக் கப்பல் வந்தது. அதனொடு அயலாட்சியும் வந்தது. காற்றுக்குக் காத்திருக்கவேண்டாத கப்பல், காற்றை நம்பிய கலத்தைத் துறைதோறும் வென்றது. அவ்வாட்சியின் கப்பற் குழுவை எதிர்த்து வ.உ.சிதம்பரனார் 1906-இல் தூத்துக்குடியில் தொடங்கியதும் நீராவிக் கப்பற் குழுமமே. பாயால் மட்டும் போட்டியிட இயலாத காலம் வந்துவிட்டதென்று அவர் அறிந்திருந்தார். எஞ்சிய தோணிகளும் பின்னாளில் பொறி பூட்டிக்கொண்டன. இஃது இயல்பான மாறுதலே. பாயை மீண்டும் விரிக்குமாறு எவரும் கேட்கவில்லை. ஆனால், பாயோடு சொல்லையும் சேர்த்து ஏன் கடலில் எறியவேண்டும்?

தமிழ்ப் பெருமக்களே! இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். கப்பலின் முன்பகுதிக்குத் தமிழில் என்ன சொல் என்று கேட்டால், கற்றவர் ‘முன்பகுதி’ என்பர். அல்லது ஆங்கிலச் சொல்லைச் சொல்வர். கடலோடி அதனை அணியம் என்றான். கடலின் ஓட்டத்தைப் பாடநூல் ‘நீரோட்டம்’ என்கின்றது. கடலோடி நீவாடு என்றான். கலத்தின் விலாச்சட்டம் அவனுக்கு வங்கு, அடிமரம் ஏரா. இருக்கின்ற சொல்லை அறியாது புதுச்சொல் ஆக்குவது, கிணற்றை வைத்துக்கொண்டு தண்ணீருக்கு அலைவதை ஒக்கும்.

இன்னொன்று. கடலோடியின் வாயில் அயற்சொல்லும் உண்டு. சுக்கான் அரபுச்சொல், மாலுமியும் அரபு வழிவந்ததே. தாமான் முதலிய கயிற்றுப் பெயர்கள் பல நாட்டுக் கலங்களிலும் பொதுவாய் வழங்கிய சொற்களோடு உறவுடையன. இவற்றைக் கேட்டதும் முகஞ்சுளித்து, ‘இவன் தமிழ் கலப்புத் தமிழ்’ என்று ஒதுக்குவார் உளர். அவர்கட்கு ஒரு சொல்: கடலோடி இவற்றை அடிமைப்பட்டுப் பெற்றவனல்லன், உடன்தொழில் செய்து பெற்றான். பெற்றதோடு நில்லாமல் கொடுக்கவுஞ் செய்தான். மலாய் மொழியினர் இன்றும் கப்பலைக் கப்பல் என்றே வழங்குகின்றனர். கட்டுமரம் ஆங்கில அகரமுதலியில் ஏறி உலகமெல்லாம் உலவுகின்றது. இத்துணைத் தமிழ்ச்சொற்களை உலகுக்கு ஏற்றுமதி செய்த புலவர் எவரேனும் உளரோ? அரபுச்சொல்லுக்கு மாற்றாக மீகான் என்றும் மீகாமன் என்றும் எழுதுக, அது கடமை. ஆனால், முதலில் தொகுக்க வேண்டும்; பின்னரே பகுக்க வேண்டும். கதிரை அறுத்துக் களஞ்சேர்த்த பின்னரே பதர் தூற்றுவது உழவர் முறை. வயலில் நிற்கும் பயிரையே பதரென்று விட்டுவிடுபவன் உழவனல்லன், தூய்மையும் அவனால் வாராது, சோறும் வாராது.

மொழிஞாயிறு பாவாணர் 1956 முதல் 1961 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றினார். அவரை இயக்குநராகக் கொண்டு 1974-இல் தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலிப் பணி, 1981-இல் அவர் மறைந்த பின்னும் தொடர்ந்து, 2011-இல் நிறைவுற்றது. அது பெருஞ்செயல். ஆயின், அகரமுதலி நிறைவுற்றது என்பதால் மொழி நிறைவுற்றதாகாது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் நடுவம் பரங்கிப்பேட்டையிலேயே அமைந்திருக்கின்றது. மீனையும் நண்டையும் பாசியையும் ஆராய்ந்து பெயர்பெற்றது. அதே கரையில் கடலோடியின் சொல்லை ஆராயத் தமிழறிஞர் சென்று அமரக் கூடாதா? பெயரறியா உயிர்க்குப் பெயரிடுவது அறிவியல் எனின், பெயருள்ளதன் பெயரைச் சாகவிடாது காப்பதும் அறிவியலே.

இளைஞர்களே! இதற்குப் பெரும்பொருள் வேண்டா. ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் பொறுமையும் போதும். முதுநகரிலும், தேவனாம்பட்டினத்திலும், பரங்கிப்பேட்டையிலும், கிள்ளையிலும் எண்பது தொண்ணூறு அகவையினர் திண்ணையில் அமர்ந்திருக்கின்றனர். சிலர் பாய்க்கலத்தில் சென்றவர். சிலர் தந்தை சொல்லக் கேட்டவர். அவரிடம் ‘ஐயா, இக்கயிற்றுக்கு என்ன பெயர்? இக்காற்றுக்கு என்ன பெயர்? இந்த மீனைப் பார்த்து எத்திசை போவீர்கள்?’ என்று கேளுங்கள். நீங்கள் அவருக்குக் கற்பிக்கச் செல்லவில்லை; கற்கச் செல்கின்றீர்கள் என்பதை மறவாதீர்கள். அவர் சொல்வதைத் திருத்தாது, ஒலி மாறாது, ஊரும் நாளுங் குறித்து எழுதுங்கள். ஒருவர் பத்துச் சொல் கொணர்ந்தால், நூற்றுவர் ஆயிரஞ் சொல் கொணர்வர். கல்வெட்டு எழுத மறந்த கலமோட்டிக்கு அதுவே நடுகல்.

முதியவர் ஒருவர் மறையுந்தோறும் இராப்பலகையில் ஒரு முடிச்சு அவிழ்கின்றது. முடிச்செல்லாம் அவிழ்ந்த பின் கயிறு இருந்தும் பயனில்லை. ஊருக்குத் திரும்ப வழி தெரியாது. கயிறு கையிலிருக்கும்போதே முடிச்சுகளை எண்ணுங்கள்! எழுதுங்கள்!

வாழ்க தமிழ்! வெல்க தமிழர்!